ஒரு பூனைக்குட்டியின் விலை

இங்கிலாந்தில் இன்று வம்சாவளிச் சான்றிதழோடு ஒரு பூனைக்குட்டி வாங்க வேண்டுமென்றால், இனத்தைப் பொறுத்துச் சில நூறு பவுண்டுகள் முதல் இரண்டாயிரம் பவுண்டுகள் வரை கொடுக்க வேண்டியிருக்கும். கேட்டவுடன் மலைப்பாகத்தான் இருக்கிறது. தெருவில் யாரும் அழைக்காமலே வீட்டுக்குள் வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகும் ஓர் உயிருக்கு இவ்வளவு விலையா! விற்பவர் கொள்ளை லாபம் அடிக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவதும் எளிது. ஆனால் அந்த விலைச்சீட்டுக்குப் பின்னால் 150 ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு கணக்குத் தெரிகிறது. குட்டியை வாங்குபவர் அதன் முழு விலையைக் கொடுப்பது அரிது. மீதியை வளர்த்தவர் கொடுக்கிறார். அவரும் கொடுக்காமல் நழுவிவிட்டால், பாக்கியை அந்தப் பூனை தன் உடம்பால் கட்டுகிறது.

இக்கட்டுரையில் அந்தக் கணக்கைத்தான் சற்று விரித்துப் பார்க்க எண்ணியுள்ளோம்.

முதலில் ஒரு சிறு விலகல். கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைக் காட்டுகிறார். அங்கே அவர் ஆளும் சொல் 'பூசை'. குதிரைக்கும் யானைக்கும் சாதி பிரித்து இலக்கணம் எழுதியது நம் நாடு. ஆனால் அந்தப் பூசை எந்தக் குலத்துப் பூசை என்று கம்பரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைமை பெரிதும் இதுதான். நாய்க்கும் குதிரைக்கும் குலமுறை பார்த்த ஆங்கிலேயர், பூனையை எலி பிடிக்கும் வேலைக்காரனாகவே வைத்திருந்தனர்.

இந்த நிலை மாறத் தொடங்கிய நாள் 1871 ஜூலை 13. லண்டனின் தென்புறத்தில், சிடனத்தில் அமைந்திருந்த கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகையில் அன்று ஒரு பூனைக் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஹாரிசன் வெயர் என்னும் ஓவியர். விலங்குகளையும் பறவைகளையும் வரைவதில் புகழ்பெற்றவர். சுமார் 170 பூனைகள் வந்திருந்தன. நடுவர்கள் மூவர்: வெயர், அவர் சகோதரர் ஜான் ஜென்னர் வெயர், மக்டோனா என்னும் பாதிரியார். பரிசு பெற்றவற்றுள் 'கிழவி' என்று பெயரிடப்பட்ட 14 வயதுப் பூனையும் ஒன்றென்றும், அது வெயரின் சொந்தப் பூனை என்றும் எழுதியிருக்கிறார்கள். (நடுவர் வீட்டுக்கே பரிசு போகும் வழக்கம் பூனை உலகோடு நிற்பதில்லை என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை!)

வெயரின் நோக்கம் உயர்ந்தது. அடியும் உதையும் பட்டுக்கொண்டிருந்த பூனையை மக்கள் மதிக்க வேண்டும். அதன் அழகை அறிந்தால் அதை நன்றாக நடத்துவார்கள் என்று அவர் நம்பினார். அதற்காகவே ஒவ்வொரு வகைப் பூனைக்கும் தலை எப்படி, கண் எப்படி, உரோமம் எப்படி இருக்க வேண்டும் என்று மதிப்பெண்ணோடு இலக்கணம் வகுத்தார். 1889இல் அதையெல்லாம் நூலாகவும் வெளியிட்டார். 1887இல் தேசியப் பூனைக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் சில ஆண்டுகளிலேயே மனம் கசந்து விலகினார். உறுப்பினர்களில் பலர் பூனையின் நலனைவிடப் பரிசு வெல்வதிலேயே குறியாக இருக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 1890இல் அவர் இடத்துக்கு வந்தவர் லூயி வெயின். பெருங்கண் பூனைகளை வரைந்து புகழ்பெற்ற அதே ஓவியர்.

வெயரின் கசப்பை நாம் ஒரு கிழவரின் புலம்பலாகத் தள்ளிவிட முடியாது. பூனைக்கு இலக்கணம் எழுதியவுடன் அந்த இலக்கணத்துக்கு ஒரு சந்தை விலை வந்துவிட்டது. அழகுக்கு மதிப்பெண் உண்டு. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் மதிப்பெண் இல்லை. கண்காட்சி மேடையில் கண்ணுக்குத் தெரியாதவற்றை யார் கணக்கில் வைப்பது? அடுத்த நூறாண்டு வரலாற்றின் சிக்கல் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விக்டோரியா காலத்தின் இறுதியிலும் எட்வர்டு காலத்திலும் பூனை வளர்ப்பு சீமாட்டிகளின் கலையாயிற்று. 1898இல் மற்றொரு பூனைக் கழகத்தைத் தொடங்கிய மார்க்கஸ் பெரஸ்ஃபோர்டு சீமாட்டி, விண்ட்சருக்கு அருகே பிஷப்ஸ்கேட்டில் பூனைகளுக்கென்றே தனிக் குடில்களும் பணியாளரும் வைத்திருந்தார். இனக்கலப்புக்காகப் பெண்பூனையைப் பிரம்புக் கூடையில் வைத்து இரயிலேற்றி, வேறு ஊரிலிருக்கும் பொலிபூனையிடம் அனுப்பும் வழக்கம் அப்போது பரவியது. பொலிகாளைக்குக் கொடுப்பதுபோலவே இதற்கும் கட்டணம் உண்டு. அக்காலப் பத்திரிகை விளம்பரங்களில் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், என்பது சாதாரணமாகக் காணப்படும் தொகை.

கட்டணத்தை விடப் பெரிய செலவு ஒன்று அந்தக் கூடைகளிலும் கூடாரங்களிலும் ஒளிந்திருந்தது. அது தொற்றுநோய். கண்காட்சிக்குப் போய்வந்த பூனைகள் வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்துவிடும். வீட்டிலிருந்த குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். நோயின் பெயர்கூடத் தெரியாமல் 'கண்காட்சிக் காய்ச்சல்' என்றே அதை அழைத்தார்கள்.

சயாம் பூனையின் கதை இதற்கு நல்ல சான்று. சயாமில் பூனைகளைப் பற்றிச் செய்யுளும் ஓவியமுமாக எழுதிய 'தம்ரா மேவ்' என்னும் சுவடிகள் உண்டு. நற்பேறு தரும் பூனைகள் எவை, கேடு தரும் பூனைகள் எவை என்று அவை வகைப்படுத்துகின்றன. (பூனைக்கு இலக்கணம் எழுதியதில் வெயர் முதல்வர் அல்லர் என்பது இதனால் விளங்கும்!) 1884இல் பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாற்றிய கூல்டு என்பவர் போ, மியா என்ற இணையைத் தம் சகோதரிக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மியா ஈன்ற மூன்று குட்டிகள் 1885இல் கண்ணாடி மாளிகைக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. கண்காட்சி முடிந்த சிறிது காலத்திலேயே மூன்றும் இறந்துபோயின. அந்தச் சகோதரி மனம் தளரவில்லை. 1901இல் சயாம் பூனைக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. 'அரிய இனம்' என்ற புகழுக்கு அந்த மூன்று குட்டிகள் கொடுத்த விலை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

1910இல் பிரிட்டனில் சிதறிக் கிடந்த கழகங்கள் ஒன்றுகூடிப் பூனைப் பிரியர்களின் ஆட்சிக்குழு என்ற பொது அமைப்பைக் கண்டன. பதிவேடு ஒன்றாயிற்று, விதிகள் பிறந்தன. இன்று 'பொறுப்புள்ள வளர்ப்பாளர்' என்று நாம் சொல்லும் மனிதர் ஒரே நாளில் உருவானவர் அல்லர். ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவர் கணக்கில் ஒரு வரியைச் சேர்த்தன. 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் பூனைகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தார். பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளிலேயே அது வேகமாகப் பரவும். ஆகவே இணை சேர்க்கும் முன் இருபுறமும் இரத்தச் சோதனை செய்வது கடமையாயிற்று. 1986இல் கலிஃபோர்னியாவில் பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் வைரஸ் அகப்பட்டது. இன்னொரு சோதனை, இன்னொரு கட்டணம்.

இடையில் வந்த உலகப்போரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1939 செப்டம்பரில் போர் மூண்ட முதல் வாரத்தில், குண்டுவீச்சுக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிய லண்டன் மக்கள் தம் வளர்ப்பு விலங்குகளைத் தாமே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். நாயும் பூனையுமாகச் சுமார் நான்கு லட்சம் என்பது வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் தரும் கணக்கு. அரசு ஆணையிட்டதன்று, மக்களே வரிசையில் நின்றார்கள். அதன்பின் உணவுக் கட்டுப்பாடு. இனம் பெருக்குவதை வளர்ப்பாளர்கள் அநேகமாக நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்தபோது பல இனங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பூனைகள் மிஞ்சியிருந்தன. பிரிட்டிஷ் குட்டைமயிர்ப் பூனையும் அவற்றுள் ஒன்று.

என்ன செய்வது? மிஞ்சிய சிலவற்றைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் உறவுக்கலப்பின் கேடுகள் வரும். ஆகவே உடல்வாகில் நெருங்கிய பாரசீகப் பூனையைக் கலந்தார்கள். அன்றைய அறிவுக்கு அது சரியான முடிவே. இனம் பிழைத்தது, வட்ட முகமும் தடித்த உரோமமும் கூடுதல் அழகு தந்தன. ஆனால் பாரசீகப் பூனைகளிடம் வேறொன்றும் இருந்தது. அது ஒரு மரபணுத் திரிபு. அதைப் பெற்ற பூனையின் சிறுநீரகங்களில் பிறப்பிலிருந்தே நுண்ணிய நீர்க்கட்டிகள் இருக்கும். ஆண்டுக்காண்டு அவை பெருத்து, நல்ல திசுவை நெருக்கி, பெரும்பாலும் நடுவயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இந்தத் திரிபும் பாரசீக இரத்தத்தோடு பிரிட்டிஷ் பூனைக்குள் வந்து சேர்ந்தது.

இந்த நோயின் வஞ்சகம் அதன் காலக்கணக்கில் இருக்கிறது. பெற்றோரில் ஒன்றிடம் திரிபின் ஒரு பிரதி இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு அது போகும். ஆனால் நோய் வெளித்தெரியும் முன்பே அந்தப் பூனை பல ஈற்று கண்டிருக்கும். குட்டிகள் நூறு வீடுகளுக்குப் போயிருக்கும். கோப்பைகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். பல நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது. முன்பெல்லாம் பத்து மாத வயதுக்குப்பின் அல்ட்ராசவுண்ட் எடுத்துத்தான் கண்டறிய வேண்டும். 2004இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லையன்ஸின் குழு அந்தத் திரிபைக் கண்டுபிடித்தது. அதன்பின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினாலே போதும்.

சோதனை மலிவு. முடிவுதான் விலை உயர்ந்தது. பத்தாண்டு உழைத்து உருவாக்கிய பூனை, மேடைதோறும் வென்ற பூனை, 'திரிபு உண்டு' என்ற ஒரு வரியோடு தாள் வருகிறது. அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு அடுத்த ஈற்றை விற்பவர் உண்டு. அன்றே அதற்குக் கருத்தடை செய்து, பதிவேட்டிலும் எழுதி, வேறு பூனையோடு முதலிலிருந்து தொடங்குபவரும் உண்டு. சந்தையில் இருவரின் குட்டியும் ஒரே விலைக்குப் போகும். முதல்வரின் குட்டி சற்று மலிவாகவும் கிடைக்கும்! இன்னொரு சிக்கலும் உண்டு. திரிபுள்ள பூனைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் விலக்கினால் இனத்தின் மரபுவளம் சுருங்கிவிடும். ஆகவே எதை விலக்குவது, எதை வைத்துக்கொள்வது என்பதை ஓர் ஆளாக முடிவு செய்ய இயலாது. பிற வளர்ப்பாளரோடு பேச வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். சோதனை வழக்கமாகிவிட்ட நாடுகளில் இந்நோயின் பரவல் குறைந்திருப்பதை வைத்துப் பார்த்தால், உண்மையைச் சொன்னவர்கள் கணிசமாகவே இருந்திருக்கிறார்கள்.

சோதனையால் தீராத நோயும் உண்டு. மெய்ன் கூன் என்னும் பெரும்பூனையின் இதயத்தசை தடித்துப் போகும் நோய்க்கான ஒரு திரிபு 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அத்திரிபு இல்லாத பூனைக்கும் அந்நோய் வரலாம். ஆகவே பொறுப்புள்ள வளர்ப்பாளர் மரபணுச் சோதனையோடு நிற்பதில்லை. இதய வல்லுநரிடம் அவ்வப்போது ஸ்கேன் எடுக்கிறார்.

இப்போது ஓர் ஈற்றின் கணக்கைப் பார்ப்போம். இனம் பெருக்கும் உரிமையோடு பதிவான பெண்பூனையை வாங்குவது முதற்செலவு. பின் வைரஸ் சோதனைகள், மரபணுச் சோதனைகள், பொலிபூனைக் கட்டணம், பயணம். சூல் காலம் ஏறத்தாழ 9 வாரம். குட்டிகள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. சில வேளை ஒன்று. நள்ளிரவில் சிசேரியன் தேவைப்பட்டால் அந்த ஈற்றின் வரவு முழுவதும் மருத்துவமனைக்கே போய்விடும். தாய்க்குப் பால் இல்லையென்றால் இரண்டு மணிக்கொருமுறை கையால் ஊட்ட வேண்டும். தினமும் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எடை குறிக்க வேண்டும். ஒரு நாள் எடை கூடாமல் போவதுதான் பெரும்பாலும் முதல் அபாய அறிகுறி.

பிரிட்டிஷ் பூனை வளர்ப்போருக்கு இன்னொரு கவலை. பூனைகளுக்கும் இரத்தவகை உண்டு. ஏ வகையே பெரும்பான்மை. பிரிட்டிஷ் இனத்தில் பி வகையும் மிகுதி. பி வகைத் தாயின் சீம்பாலில் ஏ வகை இரத்தத்தைச் சிதைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். தந்தை ஏ வகையென்றால், நலமாகப் பிறந்து ஆசையாகப் பால்குடித்த குட்டி ஓரிரு நாளில் சாகும். தாயின் முதற்பாலே நஞ்சாவது என்றால் எந்தக் காப்பியத்திலும் நம்பமாட்டோம். ஆனால் 1980களுக்கு முன் 'வாடிப்போன குட்டிகள்' என்று எழுதி மூடப்பட்ட சாவுகளில் சிலவற்றின் காரணம் இதுவே. தெரிந்த வளர்ப்பாளர் பெற்றோரின் இரத்தவகையை முன்கூட்டியே பார்க்கிறார். அப்படி ஓர் இணை சேர்ந்துவிட்டால் முதல் ஒரு நாள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தாமே ஊட்டுகிறார். அந்த இரவுத் தூக்கத்துக்கு இரசீது கிடையாது.

அடுத்தது பழக்குதல். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள், குட்டியின் 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரை மனிதக் கை எவ்வளவு படுகிறதோ அவ்வளவு அது பிற்காலத்தில் மனிதரோடு இணங்கும் என்று காட்டின. எனவே அந்த ஐந்து வாரங்களைக் கொட்டகைக் கூண்டில் கழித்த குட்டியும் சமையலறை நடுவில் பாத்திரச் சத்தம், குழந்தைகள், விருந்தினர் என்று வளர்ந்த குட்டியும் ஒன்றல்ல. பிறகு 9ஆம் வாரத்திலும் 12ஆம் வாரத்திலும் தடுப்பூசி. பிரிட்டிஷ் ஆட்சிக்குழுவின் விதிப்படி 13 வாரம் நிறையும் முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது. சூல் முதல் கணக்கிட்டால் 22 வாரங்கள். எட்டு வாரத்தில் கைமாற்றிவிடுபவருக்கு, குட்டிகள் மிகுதியாகத் தின்னும் அந்த ஐந்து வாரத் தீனியும் இரண்டு ஊசியும் மிச்சம். விலைவித்தியாசத்தின் இரகசியம் பெருமளவு இங்கேதான்.

இத்தனை செய்தும் சில இனங்களில் கணக்கு நேராவதில்லை. 1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் அருகே ஒரு பண்ணையில் சூஸி என்ற வெள்ளைப் பூனையை இடையர் ஒருவர் கண்டார். அதன் காதுகள் முன்புறம் மடிந்து, ஆந்தை முகம்போலத் தோன்றின. ஸ்காட்டிஷ் ஃபோல்டு இனத்தின் மூலத்தாய் அவளே. ஆனால் காதை மடிப்பது குருத்தெலும்பின் கோளாறு. அது காதோடு நிற்காமல் கால், வால் மூட்டுகளிலும் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குழு 1970களின் தொடக்கத்திலேயே இதன் பதிவை நிறுத்திவிட்டது. இனம் அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஏற்பும் புகழும் பெற்றது. 2016இல் மரபணுக் காரணமும் உறுதியாயிற்று: காதை மடிக்கும் திரிபும் மூட்டைக் கெடுக்கும் திரிபும் ஒன்றே. அதாவது இந்த இனத்தில் அழகை மட்டும் பிரித்து வாங்க வழியில்லை. சோதனையும் ஸ்கேனும் பதிமூன்று வாரமும் இங்கே உதவா. நெதர்லாந்து 2014இல் இதன் இனப்பெருக்கத்தைத் தடை செய்தது. பொறுப்போடு ஃபோல்டு பூனை வளர்க்கிறோம் என்பவர்களின் வாதங்களை நாமும் படித்துப் பார்த்தோம், ஏற்க முடியவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடம் அல்லது காப்பகத்தில்தான் வாங்க வேண்டும். லூசி என்னும் நாயின் பெயரால் வழங்கும் சட்டம் இது. ஸ்காட்லாந்தில் 2021 முதல், பன்னிரண்டு மாதத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுகளை வளர்ப்பவர் உரிமம் பெற வேண்டும். பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவதை இங்கிலாந்து 2024 ஜூனில் கட்டாயமாக்கியது.

சட்டம் கேட்காத ஒன்றையும் நல்ல வளர்ப்பாளர்கள் தம் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். வாங்கியவரால் பூனையை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், அது எந்த வயதினதாயினும், என்ன நோயுற்றிருந்தாலும், தம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்பது அந்த விதி. ஒரு பூனை பதினைந்து ஆண்டு, சில வேளை இருபது ஆண்டு வாழும். ஆண்டுக்கு ஒரே ஓர் ஈற்று என்று வைத்துக்கொண்டாலும், பத்தாண்டில் முப்பது நாற்பது பூனைகளுக்கு இந்த வாக்கு நிலுவையில் நிற்கும். கிழட்டுப் பூனை ஒன்று கூடையில் திரும்பி வரும்போது, அதற்கென ஒரு மூலையும் மருந்துச் செலவும் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.